பூவுக்கு எதிர்த்தட்டு

முன்னொரு காலத்தில், அடுத்த வேளைச் சோற்றைக்கூட மறந்துவிட்டுக் கூத்துப் பார்க்கும் மக்கள் வாழ்ந்த ஒரு நாட்டை, வீரகண்டன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டான் என்பது ஒன்றே குறை. புலவன் பாட்டெழுதிக் கொண்டுவந்தால், ஓலைக்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகே படிக்கச் சொல்வான்.

அறுவடை முடிந்ததும் தலைநகரில் கூத்து விழா நடக்கும். விழாவில் சிறந்து ஆடியவருக்கு அரசன் தன் கையாலேயே பொற்சதங்கை அளிப்பான். சிறந்தவர் யார் என்று புலவர்களைக் கேட்டால் சண்டை வந்தது. மக்களைக் கேட்டால் கூச்சல் வந்தது. அரசனுக்கு அவனுடைய வழக்கமான யோசனையே தோன்றியது. மனங்கவர்ந்த கூத்தர்மேல் பூ எறிவது அந்நாட்டு வழக்கம். அந்தப் பூவைக் கூட்டியெடுத்து நிறுத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது. அரண்மனைப் பெருந்தராசு அரங்கத்துக்கு வந்தது. சட்டம் அரங்க வாயிலில் கல்லில் வெட்டப்பட்டது.

அன்றிலிருந்து சதங்கை வேறு யாருக்கும் போகவில்லை. ஆண்டுதோறும் புவனமோகனருக்கே போயிற்று. அழகர்; எப்போதும் இளவரசன் வேடம்; எந்த இளவரசனானாலும் ஒரே நடை, ஒரே புன்னகை. திரைக்குக் கீழே அவருடைய கால்விரல் தெரிந்தாலே போதும், அவருடைய அன்பர்கள் கூடை கூடையாகக் கவிழ்ப்பார்கள். கனம் வேண்டும் என்பதற்காக மாலைகளை நீரில் ஊறவைத்து எறிந்தார்கள். பிறகு வாழைப்பூவை எறிந்தார்கள். அதற்கும் பிறகு, தென்னம்பாளையும் பூ வகைதானே என்று காயோடு கூடிய குலையையே எறிந்தார்கள். மற்ற குழுக்கள் முறையிட்டபோது, அரங்கதிகாரி பராங்குசர் அரசனுக்கு ஆலோசனை கூறிச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: "எறியப்படுவது எதுவாயினும் அது மக்கள் தீர்ப்பே, ஒன்றும் விடாமல் நிறுக்க." புவனமோகனர் பராங்குசரின் மருமகன் என்பதை யாரும் சபையில் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வது?

அரசவையில் விகடராக இருந்தவர் ஐயாறன். பிறரைச் சிரிக்கவைப்பது அவருக்குத் தொழில், எரிச்சல்படுவது இயல்பு. கோணலாக மாட்டிய திரைச்சீலை, பாதியில் நிற்கும் பழமொழி, காரணமில்லாத கைதட்டல் ஆகியவை அவருக்குப் பல்லில் மணல் கடிபட்டது போலிருக்கும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கூத்து விழா அவருக்கு ஒரு நோயைப் போல வந்து போயிற்று.

அந்த ஆண்டு விழாவில் புவனமோகனர் போர்க்களத்தில் மாளும் இளவரசனாக ஆடினார். மார்பில் அம்பு தைத்துச் சாய்ந்தார். பூமாரி பொழிந்தது. மாண்ட இளவரசர் எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டுவிட்டு, மறுபடி படுத்து மாண்டார். மறுபடி பூ. மறுபடி எழுந்தார். பகைவனாக ஆடியவன் பொறுமை இழந்து, "ஐயா, ஒன்று செத்துத் தொலையும், இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று அவர் காதில் முணுமுணுத்தது முன்வரிசை வரை கேட்டது. தராசு புவனமோகனர் பக்கம் சாய்ந்தது. சதங்கை அவர் காலுக்கு ஏறியது.

மறுநாள் சபையில் ஐயாறன் விட்ட பெருமூச்சு, சபைக்குத் தகுந்ததைவிடச் சற்று நீளமாக இருந்தது.

"என்ன ஐயாறா, காற்றுப் போதவில்லையா?" என்றான் அரசன்.

"சதங்கை தக்கவருக்கே போயிற்று என்ற நிம்மதி, மன்னா. இறந்தவர் எழுவதை நம் அரண்மனை வைத்தியராலும் இதுவரை செய்துகாட்ட இயலவில்லை."

சபை சிரித்தது. பராங்குசர் சிரிக்கவில்லை. "மக்கள் தீர்ப்பு விகடருக்கு ஏளனமாகத் தெரிகிறது, மன்னர்பெருமானே."

"மக்களை நான் குறைசொல்லவில்லை, அரங்கதிகாரியாரே. தங்களுக்குப் பிடித்தவர்மேல் அவர்கள் பூ எறிகிறார்கள். அது அவர்கள் பூ, அவர்கள் கை. பிடித்தவர்தான் சிறந்தவர் என்று கல்லில் வெட்டியது நாம்."

"சரி, உன் கணக்கில் சிறந்தவர் யார்?" என்று கேட்டான் அரசன்.

"உலகம்மாள்."

அரசன் முகம் புளியைக் கடித்தது போலாயிற்று. "அந்தக் களஞ்சியக்காரியா? பஞ்சம் பிழைக்க வந்த தாய் பிள்ளைக்கு ஒரு பிடி தினை கேட்கிறாள். இவள் தினையைப் புறாவுக்கு இறைத்துக்கொண்டே, 'நாளைக்கு வா' என்கிறாள். வயிறு எரிந்து நான் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன், மன்னா. அவர் நடித்தார் என்பது மன்னருக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை."

"அவள் தட்டில் ஓர் இதழ்கூட விழவில்லையே?"

"எப்படி விழும்? கொடியவளாக எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவுக்குப் பூ குறையும். நம் சட்டத்தின் அழகு அது."

பராங்குசர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "மன்னர்பெருமானே, அடுத்த விழாவுக்கு விகடரையே நடுவராக அமர்த்துங்கள். சதங்கை அவர் கூறும் சிறந்தவருக்கே போகட்டும். ஆனால் கல்லில் வெட்டிய சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. தராசு யார் பக்கம் சாய்கிறதோ அவருக்கே சதங்கை. இவ்விரண்டும் நிறைவேறட்டும். ஒன்று தவறினாலும், மக்கள் தீர்ப்பைப் பழித்த வாய் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

அரசனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நடக்க முடியாதவற்றின்மேல் அவனுக்கு எப்போதும் ஓர் ஆசை. "ஆகட்டும். தவறினால், ஐயாறா, தலைப்பாகையைச் சபையில் வைத்துவிட்டு எல்லையைத் தாண்ட வேண்டும்."

நடுவரான பிறகு ஐயாறனுக்கு வீட்டில் நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை. காலையில் புவனமோகனரின் அன்பர்கள் வந்தார்கள். "எங்க மோகனர் நடக்கிற அழகு ஒண்ணு போதாதா சாமி?" என்றார்கள். அழகாக நடப்பதற்குத்தான் சதங்கை என்றால் அரண்மனை யானைக்கு அல்லவா கட்ட வேண்டும் என்று ஐயாறன் கேட்டார். அவர்கள் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு போனார்கள்.

மாலையில் புலவர்கள் வந்தார்கள். கூட்டம் ரசிப்பது எதுவும் கலையாகாது என்பது அவர்கள் கொள்கை. மலையடிவாரத்தில் ஒருவர் இருக்கிறார், அவரே மெய்யான கூத்தர் என்றார்கள்.

"எப்படி ஆடுவார்?"

"அசையமாட்டார். அதுதான் அவர் உத்தி."

"பார்த்தவர்கள் உண்டா?"

"நாங்கள் மூவர் பார்த்தோம்," என்றார் மூத்த புலவர். சற்று யோசித்து, "இவர் உறங்கிவிட்டார்," என்று பக்கத்திலிருந்தவரைக் காட்டினார்.

கூட்டம் வந்தால் போதும் என்பவர்களையும், கூட்டம் வராவிட்டால் போதும் என்பவர்களையும் ஒரே நாளில் சந்தித்த ஐயாறன், அவர்கள் இரு சாராருக்கும் கூத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்பதைக் கண்டுகொண்டார். இந்த நாட்டைவிட்டுப் போவது தண்டனைதானா என்னும் ஐயம் அப்போது அவருக்கு முதன்முதலாக எழுந்தது. ஆனால் எல்லைக்கு அப்பாலும் கூத்து உண்டு. கூத்து இருந்தால் விருதும் இருக்கும்.

விழா நெருங்கிவந்த ஒரு நாள் அவர் சந்தைக்குப் போனார். காய்கறிக் கடையொன்றின் முன்னால் ஒரே சத்தம். நடுவயதைத் தாண்டிய ஒரு பெண் கூடையோடு நின்றிருந்தார். மெலிந்த உருவம், சாந்தமான முகம். அவர்தான் உலகம்மாள்.

"கத்திரிக்காய் கொஞ்சம் கொடு தாயி," என்றார் உலகம்மாள்.

"உனக்கா?" என்றாள் கடைக்காரி. "பச்சப் புள்ளைக்கு ஒரு பிடி தினை குடுக்க மனசு வரல, உனக்குக் கத்திரிக்கா கேக்குதா? நாளைக்கு வா."

"அது கூத்துடி அம்மா. புறாவுக்குப் போட்டது தினைகூட இல்லை, மணல்."

"மணலா? அந்த வாயில்லா ஜீவனையும் ஏமாத்தினியா நீ? உனக்குக் காசுக்குத் தரமாட்டேன். வேணும்னா சொல்லு, உன் மேல எறியுறேன். கூடையோட எறியுறேன்."

சுற்றியிருந்தவர்கள் கடைக்காரி பக்கமே நின்றார்கள். உலகம்மாள் வெறுங்கூடையோடு திரும்பினார். ஐயாறன் அவரோடு நடந்தார்.

"தினமும் இப்படித்தானா அம்மா?"

"தண்ணீர்த் துறையில் சிலர் வழி விடுகிறார்கள் ஐயா. விழா நெருங்கினால் எல்லாருக்கும் பழைய நினைவு வந்துவிடுகிறது; முடிந்து கொஞ்ச காலம் போனால் மறந்துவிடுவார்கள். அடுத்த விழா நெருங்கும் வரைக்கும் காய்கறிக்குக் குறைவிருக்காது."

"வேறு வேடம் கட்டலாமே?"

"கட்டலாம். இந்த வேடத்தை யார் கட்டுவார்கள்?" அவர் குரலில் மனக்குறை இல்லை, கேள்விதான் இருந்தது. "கொடுமைக்காரி சரியாக அமையாவிட்டால், அந்தப் பிள்ளையின் பசி யாருக்கும் தெரியாது ஐயா."

தாம் பல ஆண்டுகளாகச் சொல்லத் தேடிய வாக்கியத்தை ஒருவர் வெறுங்கூடையோடு நடந்தபடியே சொல்லிவிட்டார் என்பதில் ஐயாறனுக்குச் சற்று எரிச்சல். ஆனால் அவர் மனம் அதற்குள் கடைக்காரியிடம் திரும்பிப் போயிருந்தது. 'கூடையோட எறியுறேன்.' அவர் வழியிலேயே நின்றுவிட்டார். கல்லில் வெட்டிய சட்டத்தை எழுத்தெழுத்தாக நினைத்துப் பார்த்தார். பிறகு நேரே அரண்மனைக்கு நடந்தார்.

"மன்னா, நடுவன் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோள். அரங்கத்துக்குள் வருகிறவர்கள் செருப்பையும் சுமையையும் வாயிலில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது, இடமும் போதவில்லை. இந்த ஆண்டு விழாவைச் சந்தைத் திடலில், சந்தை நாளன்று பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். வாங்கியதும் விற்றதுமாக மக்கள் அப்படியே நின்று பார்ப்பார்கள்."

அரசன் பராங்குசரைப் பார்த்தான். கூட்டம் பெருகினால் பூவும் பெருகும் என்று பராங்குசர் கணக்கிட்டார். "நல்ல யோசனை, மன்னர்பெருமானே. விகடர் தம் குழியைத் தாமே அகலமாக வெட்டுகிறார்."

"அகலம் போதுமா என்பதைப் பிறகு பார்ப்போம்," என்றார் ஐயாறன்.

விழா நாள் வந்தது. திடலின் ஒரு பக்கம் ஆடுமேடை, எதிரே அரசனுக்கு ஆசனம், அருகே பெருந்தராசு. முதலில் புவனமோகனர் வந்தார். இந்த முறை காதலால் வாடும் இளவரசன். வாட்டம் எதுவும் தெரியவில்லை; காலை உணவு நன்றாக அமைந்தவர் போலிருந்தார். அன்பர்கள் வண்டிவண்டியாகக் கொண்டுவந்ததை எறிந்தார்கள். நீரில் ஊறிய மாலைகள், வாழைப்பூ, பாளைக்குலை. காதலியிடம் பேச வேண்டிய வசனத்தை அவர் மறந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்துக் கண்சிமிட்டினார். அதற்குத் தனியாக ஒரு பூமாரி. பணியாட்கள் கூட்டியள்ளித் தராசின் ஒரு தட்டில் குவித்தார்கள். தட்டு தரையில் உட்கார்ந்தது.

"விகடரே," என்றார் பராங்குசர், "எல்லைக்குப் போகும் வழி தெரியுமா? ஆள் அனுப்பட்டுமா?"

"சற்றுப் பொறுங்கள். ஒருவேளை துணைக்கு உங்களையும் அழைத்துப் போக நேரலாம்."

பிறகு உலகம்மாள் வந்தார். அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. களஞ்சியத்தின் படியில் உட்கார்ந்து சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார். தாயாக ஆடியவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து கையேந்தினாள். உலகம்மாள் அந்தப் பிள்ளையை இரக்கத்தோடு பார்த்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவர் கை தினைக்குள் போயிற்று, ஒரு பிடி அள்ளியது, உயர்ந்தது. திடல் முழுவதும், 'கொடுத்துவிடு' என்று மனத்துக்குள் கெஞ்சியது. கை விரிந்தது. புறாக்கள் இறங்கின.

"நாளைக்கு வா," என்றார் உலகம்மாள், மிகவும் கனிவாக.

பிறகு காய்கறிக்காரியின் குரல் எழுந்தது: "நாளைக்கா?"

கத்திரிக்காய்க் கூடை, சொன்ன சொல் தவறாமல், கூடையோடு பறந்தது.

அதன்பின் தடுப்பார் இல்லை. பூசணிக்காய் போயிற்று. சேனைக்கிழங்கு போயிற்று. குயவர் வரிசையிலிருந்து மண்சட்டிகள் போயின. செருப்புகள் போயின. "அட, அது புதுச் செருப்பு, இப்பத்தானே வாங்கின," என்று ஒருத்தி கணவன் கையைப் பிடித்தாள். "புதுசுன்னாதான் உறைக்கும்," என்றான் அவன். புவனமோகனரின் அன்பர்களும் எறிந்தார்கள். அவர்களிடம் மிச்சமிருந்த தேங்காய்க் குலை உட்பட. உலகம்மாளோ இவையெல்லாம் வரும் என்று அறிந்தவர் போலக் களஞ்சியக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். பனம்பலகையாலான அந்தக் கதவைச் சற்றுக் கெட்டியாகச் செய்யுமாறு தச்சரிடம் ஐயாறன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். உலகம்மாள் கதவைச் சாத்தியதும் கூட்டத்தின் ஆத்திரம் இரு மடங்காயிற்று. பசித்த பிள்ளையின் முகத்தில் அறைந்து சாத்திய கதவல்லவா அது.

ஓய்ந்தபோது மேடையில் ஒரு குன்று இருந்தது.

"பணியாட்களே," என்றார் ஐயாறன், "எறியப்பட்டது எதுவாயினும், ஒன்றும் விடாமல் எதிர்த்தட்டில் வையுங்கள்."

வைத்தார்கள். பூத்தட்டு அசைந்தது, தரையைவிட்டுக் கிளம்பியது, சேனைக்கிழங்குகள் ஏறியதும் மேலே போய் ஆடியது. தென்றலில் ஆடும் ஊஞ்சல் போலப் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

பராங்குசர் எழுந்து நின்றார். எழுந்தவர் ஏனோ சற்றுச் சாய்ந்து நின்றார். "இது முறையன்று, மன்னர்பெருமானே. பூ வாழ்த்து, இது வசை. வெறுத்து எறிந்ததை எப்படிச் சேர்ப்பது?"

"விரும்பி எறிந்தது, வெறுத்து எறிந்தது என்னும் பிரிவு கல்லில் இல்லையே, அரங்கதிகாரியாரே. அந்த வரி தங்கள் ஆலோசனையால் வந்தது. அன்று தேங்காயைப் பூ என்றோம். இன்று செருப்பைத் தீர்ப்பு என்கிறோம். அன்றைய பொய்யைவிட இது சிறியது."

"எறிந்தவர்கள் சந்தைக் கூட்டம். கூத்துக்கும் உண்மைக்கும் வேறுபாடு தெரியாதவர்கள். கலையறிந்த எவனும் இப்படி எறியமாட்டான்."

"அப்படியா?" ஐயாறன் தட்டின் அருகே போனார். குவியலைக் கிளறி, வெள்ளிக் குமிழ் பதித்த ஒற்றைப் பாதக்குறட்டை எடுத்தார். "இது சந்தையில் கிடைக்காத மரம். கலையறிந்த யாருடைய காலிலிருந்தோ வந்திருக்கிறது. மற்றதை வைத்திருப்பவர் சிரமப்படாமல் வந்து பெற்றுக்கொள்ளலாம்."

சபையோர் தலைகளெல்லாம் கீழ்நோக்கித் திரும்பின. பராங்குசரின் ஒரு காலில் பாதக்குறடு இருந்தது. மற்றக் கால் வெறுங்காலாகச் சந்தைப் புழுதியில் நின்றது. அவர் அதை ஆடைக்குள் இழுத்துக்கொள்ள முயன்று, முடியாமல், "அந்தப் பிள்ளை மிகவும் மெலிந்திருந்தது," என்றார் தாழ்ந்த குரலில்.

"பிள்ளை துணிப்பொம்மை, ஐயா," என்றார் ஐயாறன்.

அரசன் சிரிக்கத் தொடங்கினான். "ஐயாறா, உன் சூழ்ச்சி பலித்தது. நல்லவேளை, நான் மட்டும் பொறுமையாக அமர்ந்திருந்தேன். யாரங்கே, வெற்றிலை கொண்டுவா."

அடைப்பைக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "மன்னா, வெற்றிலைச் செல்லம்..."

ஐயாறன் தட்டின் பக்கம் திரும்பினார். குவியலுக்குள் மீண்டும் கைவிட்டு, ஒரு மூலை நசுங்கிப்போன வெள்ளிச் செல்லத்தை எடுத்துத் துடைத்து, இரு கையாலும் அரசன்முன் நீட்டினார்.

அரசன் அதைப் பார்த்தான். தன் வலக்கையைப் பார்த்தான். எப்போது எறிந்தோம் என்று உண்மையாகவே அவனுக்கு நினைவில்லை. பிறகு திடலே அதிரும்படி சிரித்தான்; கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். உலகம்மாளை அழைத்துப் பொற்சதங்கையை அளித்தான். அளிக்கும்போதுகூட, "தாயே, இனிமேலாவது கேட்பவர்களுக்குக் கொடு," என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே உணர்ந்து மறுபடி சிரித்தான்.

உலகம்மாள் சதங்கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஐயாறனிடம் மெல்ல, "ஐயா, இனி எனக்கு இந்த ஊரில் ஒரு கத்திரிக்காய் விற்பார்களா?" என்று கேட்டார்.

"எதற்கு வாங்க வேண்டும்? தட்டிலிருப்பதெல்லாம் உங்களுக்கு விழுந்தது. செருப்பை மட்டும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டால், மிச்சத்தில் ஓர் ஊருக்கே குழம்பு வைக்கலாம்."

அரசன் நசுங்கிய வெள்ளிச் செல்லத்தை ஐயாறனிடமே நீட்டினான். "இது உனக்கு. இன்னும் என்ன வேண்டும், கேள்."

ஐயாறன் செல்லத்தை வாங்கிக்கொண்டார். பின்னால், கூட்டத்தில், புவனமோகனரின் அன்பர்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

"ஏமாந்துட்டோமப்பா. கனத்தைத்தான் பாக்குறாங்க."

"அடுத்த வருசம் பூவே வேணாம். எங்க மாமன் வீட்டுல அம்மிக்கல்லு ரெண்டு கெடக்கு."

"ஆட்டுக்கல்லு இன்னும் கனக்கும். மோகனருக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

மேடையோரம் நின்றிருந்த புவனமோகனரும் அதைக் கேட்டார். அன்றைய நாள் முழுவதிலும் அவர் முகத்தில் மெய்யான உணர்ச்சி தோன்றியது அப்போதுதான். மிக நன்றாகவும் இருந்தது. தமக்கு நெடுங்காலமாகத் தீர்த்த யாத்திரை போகும் எண்ணம் உண்டென்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லத் தொடங்கினார்.

ஐயாறன் கண்களை ஒரு கணம் மூடித் திறந்தார். சட்டத்தை மாற்றச் சொல்லலாம். மாற்றினால் புதுச் சட்டத்துக்கு ஏற்ற புதுக்கல் ஒன்றை யாராவது கண்டுபிடிப்பார்கள்.

"மன்னா, ஒரே ஒரு வரம். அடுத்த ஆண்டு நடுவர் பதவியை அரங்கதிகாரியாருக்கே அளித்தருள வேண்டும். இருக்கையை மட்டும் மேடைக்கு மிக அருகில் போடச் சொல்லுங்கள்."

அரசன் பின்னால் திரும்பி அன்பர்களைப் பார்த்தான், பராங்குசரைப் பார்த்தான், அவருடைய வெறுங்காலையும் பார்த்தான். "அப்படியே ஆகட்டும்," என்று சொல்ல வாயெடுத்தவன், சிரிப்பு முந்திக்கொண்டதால், அதைக் கையசைத்துத்தான் சொல்ல வேண்டியதாயிற்று.